மூன்று புள்ளிச் செருப்பு

மாத்தளையில் கடலைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தால் ஸுலைஹாவிடம் கேட்கலாம். சந்தை மீன்கடைக்காரர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். பதில் கிடைத்ததும் சட்டென்று எழுந்துவிடுவார்கள். அவள் வீட்டு முன்னறையில் நெடுநேரம் உட்கார்ந்திருக்க யாருக்கும் மனம் வருவதில்லை. அங்கே இருப்பதெல்லாம் ஒரு தையல் மெஷின், ஒரு வாங்குப் பலகை, துண்டுத் துணி நிறைந்த ஒரு கூடை, ஊசிப்பெட்டியில் சாய்த்துவைத்த ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கைப்பேசியிலிருந்து வரும் சத்தத்தைக் காதால் கேட்காதவரைக்கும் அப்படித்தான் கேட்பீர்கள்.

கடலை அவள் நேரில் கண்டது ஒரே ஒரு தடவை. கல்யாணமான புதிதில் ஜவாஹிர் அவளைத் திருகோணமலைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனான். கணுக்கால் நனைய நின்றவளின் பாதத்துக்குக் கீழே இருந்த மணலை அலை மெல்ல உருவிக்கொண்டு போயிற்று. நிற்கிற நிலத்தையே களவெடுக்கிற தண்ணீரோடு எனக்கென்ன பேச்சு என்று கரைக்கு ஓடிவந்தவள், பிறகு கிட்டப் போகவேயில்லை. ஜவாஹிர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதே ஜவாஹிர்தான் பிறகு, மிளகு, கராம்பு வியாபாரம் படுத்துவிட்ட ஒரு வருடத்தில், வெளிநாட்டுச் சரக்குக் கப்பலொன்றில் சமையல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தான்.

இந்த இடத்தில் அந்தத் தெருவின் வழக்கமொன்றைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் கிடக்கிற செருப்புகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி ரப்பர் செருப்புகள்தான். தொழுதுவிட்டு அவசரத்தில் வருகிறவர் கையில் கிடைத்ததை, இல்லை, காலில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் புதுச் செருப்பு வாங்கியதும் வீட்டுப் பெண்கள் கம்பியைக் காய்ச்சி, குதிகால் படுகிற இடத்தில் ஓர் அடையாளம் சுடுவார்கள். ஒரு வீட்டுக்குப் பிறை, ஒரு வீட்டுக்கு வட்டம். ஸுலைஹா வீட்டுக்குச் சரிவாக மூன்று புள்ளி, அதன்கீழே ஒரு சின்னக் கோடு. எந்த அடையாளம் எந்த வீட்டுடையது என்று தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். வழி தவறிய செருப்பு மாலை மஃரிப் தொழுகைக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும்.

ஜவாஹிர் புறப்பட்டது டிசம்பரில், மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில். நீலப் பட்டை வைத்த புதுச் சோடியில் முதல்நாள்தான் ஸுலைஹா அடையாளம் சுட்டிருந்தாள். கப்பலில் எந்தப் பள்ளிவாசலில் செருப்பு மாறப்போகிறது என்று அவன் கேலி செய்தான். இருக்கட்டும், வீட்டு அடையாளம் கூடவே வரட்டும் என்றாள். வேன் தெருமுனை திரும்புமுன்னே அவள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி வேலை. மாமி ஜெஸீமா, ஜவாஹிரின் உம்மா, உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பயணம் போனவர் பாதி வழிகூடத் தாண்டாமல் வீடு கூட்டக்கூடாதாம். மையித்து எடுத்த வீட்டில்தான் அப்படி உடனே கூட்டுவார்களாம். ஸுலைஹா காதில் வாங்காமல் கூட்டி முடித்தாள்.

அவன் குரல் வாரந்தோறும் கைப்பேசியில் வந்தது. எந்தத் துறைமுகம், என்ன சமையல், கப்பலில் யார் யாரோடு சண்டை என்று எல்லாம் சொல்வான். மார்ச்சில் ஒருநாள், இன்றைக்கு மாலைதீவுப் பக்கமாகப் போகிறோம், உம்மாவிடம் சொல், மாசிக் கருவாட்டு மணம் இங்கேயே அடிக்கிறது என்று சிரித்தான். ஜூலையில் கொழும்பு முகவரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. காலையில் ஆளைக் காணவில்லை. கப்பல் முழுக்கத் தேடினார்கள், வந்த வழியே திரும்பிப் போயும் தேடினார்கள். கடலில் விழுந்திருக்கலாம். எந்த இடம் என்று ஸுலைஹா கேட்டாள். இரண்டு எண்களைச் சொன்னார்கள். பிறகு அவன் பெட்டி வந்தது. சாரம், சட்டை, தொப்பி, சவரக் கத்தி எல்லாம் இருந்தன. செருப்பு மட்டும் இல்லை.

ஜவாஹிரின் தம்பி ஹுஸ்னி நல்லவன்தான். பெட்டி வந்த வாரமே, காயிப் ஜனாஸா தொழுதுவிடலாம் மதினி என்றான். உடல் கிடைக்காத இடத்தில், இல்லாத மையித்துக்காக ஊர் கூடித் தொழுவது அது. மாமிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மகனுக்காக ஒரு சஃப் வரிசையில் நாலுபேர் நின்றார்கள் என்ற ஆறுதல் ஒரு தாய்க்குப் பெரிது. ஆனால் தொழுதுவிட்டால் ஸுலைஹா விதவை. வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார வேண்டும். காணவில்லை என்றுதானே சொன்னார்கள், மவுத் என்று யார் கண்டது என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். மௌலவியும் அவசரப்பட வேண்டாம், ஓர் அத்தாட்சி கிடைக்கட்டும் என்றுவிட்டார்.

அத்தாட்சி தேடித்தான் ஸுலைஹா கடலைப் படிக்கத் தொடங்கினாள்.

முதலில் அந்த இரண்டு எண்களையும் கைப்பேசி வரைபடத்தில் போட்டாள். முழுத்திரையும் நீலம். விரலால் எவ்வளவு இழுத்தாலும் நீலம். பெரிதாக்கினாலும் அதே நீலம், சிறிதாக்கினாலும் அதே. ஒரு மனிதன் காணாமல் போன இடத்தில் ஒரு மரம், ஒரு கல், ஒரு பெயர்ப்பலகைகூட இருக்காதா என்று மறுபடி இழுத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். கடல் நீரோட்டம் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இலவசமாகப் பாடம் நடத்தியது. பேச்சு ஆங்கிலத்தில் ஓட, கீழே தமிழ் தானாக வந்தது. பாதி தமிழ் முட்டாள்தனமாக இருக்கும். நிறுத்தி நிறுத்தி, தைத்த துணியைப் பிரித்துத் தைப்பதுபோலத் திரும்பத் திரும்பக் கேட்பாள். இலங்கையைச் சுற்றியுள்ள கடல் வருடத்துக்கு இரண்டு முறை திரும்பி ஓடுகிறது என்று அங்கேதான் தெரிந்தது. தென்மேல் பருவக் காற்றில் கிழக்கே ஓடுகிற அதே தண்ணீர், வடகீழ்ப் பருவத்தில் மேற்கே ஓடுமாம்.

கடலில் ஒரு மிதக்கும் பொருளைப் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்று காட்டுகிற ஒரு தளமும் இருந்தது. ஸுலைஹா அந்த எண்களில் விரலை வைத்தாள். ஜூலை என்று கொடுத்தாள். ஒரு புள்ளி புறப்பட்டது. அது நெளிந்து நெளிந்து கிழக்கே வந்து, மாலைதீவுச் சங்கிலியில் முட்டி நின்றது. அந்தப் புள்ளிக்கு அவள் பெயர் எதுவும் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மீன் சாப்பிடுவதை விட்டாள். மாமி மாசி இடித்தாலும் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். ஏன் என்று மாமி கேட்கவில்லை. அடுத்த வாரம் மாசி இடிப்பதும் நின்றுவிட்டது.

பிறகுதான் சத்தம் வந்தது. ஆழ்கடலில் ஒலிவாங்கியை இறக்கி, அதில் கேட்பதை அப்படியே இணையத்தில் விடுகிற தளங்கள் உண்டு. ஸுலைஹா பகல் முழுக்க அதைப் போட்டுவிட்டுத் தைப்பாள். பெரும்பாலும் ஓர் இரைச்சல், ஏதோ சொடுக்குப் போடுகிற ஒலி. எப்போதாவது திமிங்கிலம் குரல் விடும். மனித மூச்சு முடிய வேண்டிய இடத்தில் அது முடியாது. இன்னும் இன்னும் நீளும். கேட்கிறவருக்குத் தன் மூச்சு முட்டும். ரவிக்கை அளவு கொடுக்க வந்த பெண்ணொருத்தி, உள்ளே யாராவது சுகமில்லாமல் கிடக்கிறார்களா என்று கேட்டாள். கடல் என்றாள் ஸுலைஹா. தைத்து முடித்த ரவிக்கையை வாங்க அந்தப் பெண் தன் அண்ணனைத்தான் அனுப்பினாள். மாமி ஆயத்துல் குர்ஸி ஓதிக் கைப்பேசியில் ஊதினார். சத்தம் நிற்கவில்லை. அடிக்கடி கேட்டுப் பழகிய பிறகு, இரைச்சலுக்குள் யாரோ ரப்பர் செருப்போடு ஈரத் தளத்தில் நடப்பது மாதிரி ஸுலைஹாவுக்கு மட்டும் கேட்கத் தொடங்கியது. அது ஓர் இறால் வகை போடுகிற சத்தம் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

கடைசியாகச் சேர்ந்தது படம் பார்க்கிற வேலை. பல நாட்டுக் கடற்கரைகளில் ஒதுங்கும் குப்பையைத் தொண்டர்கள் படமெடுத்து ஒரு தளத்தில் போடுகிறார்கள். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் உட்கார்ந்து, இது என்ன, எதனால் ஆனது, எங்கிருந்து வந்திருக்கும் என்று குறித்துக் கொடுக்கலாம். கடலைக் காப்பாற்ற அந்தக் கணக்கு உதவுமாம். போத்தல், வலை, மூடி, பல்துலக்கி, பொம்மைக் கை. ஸுலைஹா தளராமல் குறித்தாள். கடல் எதையும் செரிப்பதில்லை என்று அவளுக்கு விளங்கியது. அடுத்த நாளே தெருவில் இறங்கி, வீட்டுப் பின்னால் ஓடுகிற சுது கங்கையில் இனி யாரும் குப்பை கொட்டக்கூடாது என்று வீடு வீடாகச் சண்டை போட்டாள். ஆறு இருப்பதே அதற்குத்தானே என்று கேட்டவர்களும் உண்டு. கடல் மதினி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டு, அவள் பார்க்காத நேரத்தில் பையைச் சுவருக்கு அந்தப்பக்கம் எறிந்தார்கள்.

ஒரு முற்பகலில், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தபோது, திரையில் ஒரு செருப்பு வந்தது.

வெள்ளை மணலில் குப்புறக் கிடக்காமல் நிமிர்ந்து கிடந்தது. பட்டையின் நீலம் வெளிறியிருந்தது. ஓரத்தில் சின்னச் சின்ன வெள்ளைச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. முன்னால் பெருவிரல் பக்கத்து மூலை கடிபட்டுப் பிய்ந்திருந்தது. மிதக்கிற ரப்பரை மீன்கள் கடிக்கும் என்று ஸுலைஹா படித்திருந்தாள். குதிகால் இடத்தில் மூன்று புள்ளி. கீழே ஒரு கோடு. அவள் சுட்ட சூடு.

பொருள் என்ற கட்டத்தில் செருப்பு என்று குறித்தாள். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் கப்பல் என்று குறித்தாள். படத்தைத் தொட்டுப் பார்த்ததில் நாடு மட்டும் வந்தது. மாலைதீவு. புள்ளி முட்டிய இடம். எழுந்துபோய்க் கைப்பேசியை மாமியிடம் காட்டினாள். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, மரணச் செய்திக்கு ஓதுகிற "இன்னா லில்லாஹி"யைத் தொடங்கி முழுவதும் ஓதி முடித்தார். அவர் முகத்தில் அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்துபோனதை ஸுலைஹா கண்டாள். துக்கம் பலவிதம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஊர் கூடி காயிப் ஜனாஸா தொழுதது. ஸுலைஹா வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இருக்க வேண்டும். சத்தம் போடும் தளத்தை அவள் மூடிவிட்டாள். தேடி முடிந்த வீட்டில் ஒரு மாதிரி அமைதி வந்தது. மாமி இடையில் விட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினார். மாசிகூட மறுபடி இடிபட்டது.

ஒன்று மட்டும் ஸுலைஹாவை உறுத்தியது. செருப்பு ஒதுங்கிய கரையில் ஆளும் ஒதுங்கியிருக்கலாமே. முஸ்லிம் தீவு. மையித்து கிடைத்திருந்தால் குளிப்பாட்டி, கபனிட்டு அடக்கியிருப்பார்கள். எங்கோ ஒரு கபுறு இருந்தால் அந்தத் திசைக்கு ஸலாம் சொல்லலாம். மொழிபெயர்ப்புத் தளத்தில் தமிழைக் கொடுத்து ஆங்கிலத்தை வாங்கி, படத்தளத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். எந்தத் தீவு, எந்த நாள், அங்கே ஆள் யாரும் ஒதுங்கினார்களா?

பதில் கொஞ்ச நாள் பிந்தி வந்தது. மரியாதையான பதில். தீவின் பெயர் இருந்தது. மனித உடல் எதுவும் அங்கே ஒதுங்கியதாகத் தெரியவில்லை, உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்றிருந்தது. படம் எடுத்த மாதம், அவன் காணாமல் போன அதே வருடத்து மார்ச்.

ஸுலைஹா அதை மறுபடி படித்தாள். மொழிபெயர்ப்புப் பிழையாக இருக்கும் என்று ஆங்கிலத்தையே எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். மார்ச்தான். மார்ச்சில் ஜவாஹிர் உயிரோடு கப்பலில் நின்று, உம்மாவிடம் சொல், மாசி மணம் அடிக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அவன் செருப்பு அந்தக் கரையில், அவன் போகிற பக்கத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறது. அவன் கடலில் விழ இன்னும் மாதங்கள் இருந்தன. அறையின் ஈரம் முதுகில் ஏறியது. ஆள் விழுமுன் செருப்பு எப்படிப் போய்க் காத்திருக்கும்? மூடிவைத்த தளத்திலிருந்து அந்த நடை ஒலி மறுபடி கேட்கிற மாதிரி இருந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அப்போதும் கேட்டது. கொஞ்சநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது வீட்டுப் பின்னால் ஓடுகிற ஆறு.

ஆறு.

விளக்குமாறு நினைவுக்கு வந்தது. வேன் இன்னும் திரும்பாத தெருமுனை, கொட்டுகிற மழை, மாமியின் கூச்சல். அன்றைக்குக் கூட்டி அள்ளிய குப்பையோடு, கதவோரம் கிடந்த அவனுடைய பழைய சோடியையும் பையில் போட்டாள். அதுவும் நீலப் பட்டைதான். அவன் வேறு நிறம் வாங்கியதில்லை. அதிலும் அவள் சுட்ட மூன்று புள்ளி. பையைச் சுவருக்கு அந்தப்பக்கம், பெருக்கெடுத்து ஓடிய சுது கங்கையில் எறிந்தாள். அந்த வாரம் அணைகளின் வான்கதவுகளைத் திறந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். சுது கங்கையிலிருந்து அம்பன் கங்கை, அங்கிருந்து மகாவலி, அங்கிருந்து திருகோணமலைக் கடல். வடகீழ்ப் பருவத்தில் தண்ணீர் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி மேற்கே ஓடும். அவளே படித்த பாடம். அவளுக்குப் பாடம் தெரியாமலில்லை; கடல் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்து வைத்திருந்தவள், தன் வீட்டுப் பின்சுவரை மட்டும் அந்த வரைபடத்தில் சேர்க்க மறந்துவிட்டாள்.

கடல் எதையும் சொல்லவில்லை. அவள் எறிந்ததை அவளுக்கே காட்டியிருந்தது. அதைப் பார்த்து அவள் தன் கணவனுக்கு ஜனாஸா தொழவைத்தாள். நினைக்க நினைக்க ஸுலைஹாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். மாமி தூங்குகிறார். தெரு மறந்துவிட்டது. நாள் ஓடினால் வெள்ளையும் கழன்றுவிடும். உண்மையைச் சொன்னால் ஜவாஹிர் மறுபடி காணாமல் போனவன் ஆகிவிடுவான். அதை எண்ணிக்கொண்டு பின்னேர அஸர் தொழுகை வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, உள்ளறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமியின் முன்னால் போய் நின்றாள்.

"மாமி, அது அவரு போட்டுட்டுப் போன செருப்பில்ல. பழைய சோடி. போன அன்னிக்கே நான்தான் ஆத்துல போட்டேன்."

மாமியின் விரல்கள் மணியை நகர்த்துவதை நிறுத்தவில்லை.

"எலி கடிச்ச மூலை," என்றார். "அந்த எலிக்குப் பொறி வச்சதே நான்தானே. படத்தக் காட்டினப்பவே கண்டேன்."

ஸுலைஹா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மீன் கடித்தது என்று எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்! தெரிந்துகொண்டே வெள்ளை உடுத்த விட்டார்களே என்று ஆத்திரம் பொங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எம் புள்ளைக்கு ஊரு ஒருக்காத் தொழணும்னு இருந்துச்சு. நீ விடமாட்டேன்னே. அல்லாஹ்வே ஒரு செருப்ப அனுப்பியிருக்கான்னு நான் வாய மூடிக்கிட்டேன்." மாமி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நான் தூங்குறேன்னு நினைச்சியா புள்ள? கண்ண மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

வெள்ளையைக் கழற்றுவதா இல்லையா என்பதை மௌலவி சொல்லட்டும். அதை நாளைக்கு ஹுஸ்னி கேட்டுவரட்டும். ஸுலைஹா முன்னறைக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். கைப்பேசியை நிமிர்த்தி அந்தப் படத்தைத் தேடி எடுத்தாள். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தில் கப்பல் என்று இருந்தது. அதை அழித்தாள். ஆறு என்று குறித்தாள். மாற்றத்தை உறுதி செய்கிறீர்களா என்று தளம் கேட்டது. அவள் விரல் கொஞ்சநேரம் அங்கேயே நின்றது. பிறகு ஆம் என்று அழுத்தினாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மாமி மெதுவாகச் சுவரைப் பிடித்து நடந்துவந்தார். அந்தச் சத்தம் தொடங்கிய பிறகு அவர் அந்த அறையில் உட்கார வந்ததே அன்றைக்குத்தான். துண்டுத் துணிக் கூடையைக் காலால் ஒதுக்கி, ஸுலைஹாவின் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்தார். கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப எம் புள்ளட புதுச் சோடி இன்னும் வரல்லத்தானே," என்றார். "அடுத்த படத்த எடு."